கறுப்புக்கு அடியில்: மதுரைப் பூ வியாபாரி ஒருவரின் கிளாசிக் 350 – நிகழ்வு ஆய்வு

மதுரை மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் மல்லிகை மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர், ஐப்பசி மழை சற்று ஓய்ந்திருந்த நாட்களில் தம் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டியை எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். ஆக்சிலரேட்டரை விட்டதும் சைலன்சரில் படபடவென்று வெடிச்சத்தம் வருகிறது என்பதுதான் அவர் சொன்ன ஒரே குறை. வண்டி முழுக் கறுப்பாக இருந்தது. ஹேண்டில்பார், கண்ணாடிகள், ஹெட்லைட் வளையம், லெக் கார்டு, முன் ஃபோர்க் குழாய்கள், சைலன்சர் என்று குரோம் பூச்சோடு வந்த எதுவும் குரோமாக இல்லை. சக்கர ரிம்கள் மட்டும் தப்பியிருந்தன. என்ஜின் தலையிலிருந்து இறங்கும் பெண்ட் பைப்பும் சைலன்சரின் முன்பாதியும் வெப்பம் தாங்கும் கறுப்பு நாடாவால் சுற்றப்பட்டு, துருப்பிடிக்காத எஃகு டைகளால் இறுக்கப்பட்டிருந்தன. “சத்தத்த மட்டும் சரி பண்ணிக் குடுங்கண்ணே, சுத்துன துணிய அவுத்துராதீங்க” என்று ஒரு நிபந்தனையும் வைத்தார். அந்த நிபந்தனையை ஏன் ஏற்க முடியவில்லை, நாடாவுக்கும் பெயிண்டுக்கும் அடியில் என்ன இருந்தது, அதன் பிறகு எந்தெந்தப் பாகத்தை எப்படிக் கறுப்பாக்கினோம் என்பவற்றை இங்கே பதிவு செய்கிறேன்.

வண்டியும் அதன் ஓட்டமும்

இது கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) வைத்த பழைய 346 சிசி என்ஜின். 70 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர். நிமிடத்துக்கு 5250 சுற்றுகளில் 19.8 குதிரைத்திறன் தருவதாகக் கம்பெனி சொன்ன, அதிகம் முறுக்காமல் இழுத்துச் செல்லும் என்ஜின். பெண்ட் பைப் வலப்பக்கமாக வளைந்து இறங்கி, கீழே கிட்டத்தட்ட படுத்த நிலையில் சைலன்சரோடு சேர்கிறது. இந்தப் படுத்த வளைவுதான் பின்னர் முக்கியமாகப் போகிறது.

வண்டி ஓடிய விதம் அதைவிட முக்கியம். உரிமையாளரின் வீடு கே.புதூரில் இருக்கிறது. விடிவதற்கு முன் சந்தைக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர். பிறகு ஈரச் சாக்கில் கட்டிய பூ மூட்டையைப் பின்சீட்டில் வைத்து நகருக்குள் இருக்கும் சில்லறைக் கடைகளுக்கு ஒரு சுற்று. அவ்வளவுதான் அன்றாட ஓட்டம். மல்லிகை மொட்டு வாடாமலிருக்கச் சாக்கில் தண்ணீர் தெளிப்பது வழக்கம். அந்தத் தண்ணீர் வழி நெடுக வலப்பக்கச் சைலன்சரின் மேல் சொட்டிக்கொண்டே வரும். அமாவாசைக்கு ராமேஸ்வரம் போய், அப்படியே தனுஷ்கோடி வரை ஓட்டிவிட்டு வருவதும் உண்டு. போகவர முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகும் அந்த ஓட்டம் ஒன்றே இந்த வண்டி முழுச்சூட்டுக்கு வந்து நிலைத்து ஓடும் சந்தர்ப்பம். கடற்காற்றின் உப்பு வண்டியில் ஏறுவதும் அப்போதுதான்.

இரண்டு மழைக்காலங்களுக்கு முன் பெண்ட் பைப்பின் குரோம் நீலமாகிவிட்டது என்று அலங்கார வேலை செய்யும் ஒரு கடைக்குப் போயிருக்கிறார். நீலம் போகாது, மேலே நாடா சுற்றிவிடலாம், அதற்குப் பொருத்தமாக மற்றவற்றையும் மேட் பிளாக் ஆக்கிவிடலாம் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். நாடா சுற்றினால் என்ஜின் சூடு குறையும், பிக்கப் கூடும், காலில் சுடாது என்ற மூன்று வாக்குறுதிகளும் கூடவே வந்திருக்கின்றன. மூன்றாவது ஓரளவு உண்மை.

அவிழ்ப்பதற்கு முன் பார்த்தவை

என்ஜின் மெதுவாக ஓடும்போது சைலன்சரின் வாயைத் தடித்த துணியால் ஓரிரு நொடி அடைத்துப் பார்ப்பது பட்டறைகளில் பழகிய சோதனை. புகைவழியில் எங்கும் கசிவு இல்லாவிட்டால் என்ஜின் திணறி நிற்கப் பார்க்கும். இங்கே திணறவில்லை, கீழ் வளைவில், நாடாவுக்குள்ளிருந்து புஸ்ஸென்று காற்று வெளியேறியது. வெளியே எந்த ஓட்டையும் தெரியவில்லை. நாடாவின் ஓரிடம் மட்டும் மற்ற இடங்களைவிடச் சாம்பல் பூத்து வெளுத்திருந்தது.

அடுத்து, கார்புரேட்டரையும் என்ஜின் தலையையும் இணைக்கும் இன்லெட் ரப்பரைச் சுற்றிக் கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயைச் சிறிது பீய்ச்சினோம். என்ஜினின் சுற்று உடனே மாறியது. ரப்பரின் அடிப்பக்கத்தில் விரல் நகம் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் நடுப் பீங்கான் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தது. காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்த கலவையில் நெடுங்காலம் ஓடியிருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

அலங்கார வேலைக்கு முன்னால் பைப் ஏன் நீலமாயிற்று என்ற கேள்விக்கு விடை இங்கேயே கிடைத்துவிட்டது. குரோமின் மேல் எப்போதும் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஒன்று உண்டு. சூடு ஏற ஏற அது தடிக்கும். அதில் பட்டுத் திரும்பும் ஒளி படலத்தின் தடிமனுக்கு ஏற்ப முதலில் வைக்கோல் மஞ்சளாகவும், பிறகு செம்பழுப்பாகவும் ஊதாவாகவும், கடைசியில் நீலமாகவும் தெரியும். ஆகவே நீலம் என்பது அழுக்கு அன்று. பைப்பின் அந்த இடம் எவ்வளவு சூடேறியது என்பதன் பதிவு. ஒற்றைச் சுவர் பைப்பில், என்ஜின் தலையை ஒட்டிய முதல் சில அங்குலத்தில் லேசான மஞ்சளும் நீலமும் வருவது இயல்புதான். ஆனால் இந்த வண்டியில் நீலம் கீழ் வளைவு வரை இறங்கியிருந்தது என்று உரிமையாளர் தம் செல்போனில் இருந்த பழைய படத்தைக் காட்டினார். கலவை மெலிந்தால் எரிதல் மந்தமாகிறது. பிஸ்டன் இறங்கிய பிறகும் எரிந்துகொண்டிருக்கும் வாயு, புகையை வெளியேவிடும் எக்ஸாஸ்ட் வால்வைத் தாண்டி வந்து பைப்பைச் சுடுகிறது. சில நூறு ரூபாய் ரப்பர் ஒன்றை மாற்றியிருந்தால் போதும் என்ற நிலையில், நோயைக் காட்டிக்கொண்டிருந்த ஒரே அடையாளத்தை மூடிக் கட்டியிருக்கிறார்கள். இரண்டு ஆண்டுகளாக அந்த என்ஜினின் சூட்டைப் பார்க்கக்கூடிய இடம் யாருக்கும் இல்லாமல் போயிற்று.

நாடாவுக்குள்

அவிழ்க்க வேண்டும் என்றதும் உரிமையாளர் முகம் சுளித்தார். துணியால் அடைத்துக் காட்டி, புஸ்ஸென்ற சத்தத்தை அவர் காதாலேயே கேட்கவைத்த பிறகு சம்மதித்தார்.

கண்ணாடி இழை நாடாவாக இருந்தாலும், எரிமலைப் பாறையான பசால்ட்டை உருக்கி இழுத்த இழையால் நெய்து ‘டைட்டானியம்’ என்ற பெயரில் விற்கும் நாடாவாக இருந்தாலும், பழையதாகிச் சூட்டில் நொறுங்கிய நிலையில் உலர்ந்தபடியே அறுக்கக் கூடாது. நுண்ணிய இழைத்தூள் தோலில் ஏறினால் நாள் கணக்கில் அரிக்கும். மூச்சில் போவது அதைவிடக் கெடுதல். ஆகவே நாடாவை நனைத்தே அறுப்பது என்று, கையுறையும் முகமூடியும் முழுக்கைச் சட்டையும் அணிந்து தொடங்கினோம். நனைக்கத் தேவையே இருக்கவில்லை என்பது அறுக்கத் தொடங்கியதும் தெரிந்தது. வெளிச்சுற்று உலர்ந்திருக்க, உள்சுற்று பிழிந்தால் சொட்டும் ஈரத்தோடு இருந்தது. வண்டி முந்தின நாள் மாலையிலிருந்து எங்கள் கூரைக்குக் கீழே நின்றது, மழையும் இல்லை.

மேல் பகுதியில் நாடாவின் நெசவுக்குள் எண்ணெய் ஊறிக் கருகியிருந்தது. ஆயில் மாற்றும்போது சிந்தியதாக இருக்கலாம். பெட்ரோலோ ஆயிலோ ஊறிய நாடா, சூடான பைப்பின் மேல் இறுக்கிக் கட்டிய திரியாகிவிடும் என்பதால், வேறு எந்தக் குறையும் இல்லாவிட்டாலும் இந்த ஒன்றுக்காகவே அதைக் கழற்றியிருக்க வேண்டும். சைலன்சரை ஒட்டிய பகுதியில் சாக்கு நூலும், மல்லிகை இதழ் கருகிய துணுக்குகளும், வெள்ளையாகப் பொரிந்த உப்பும் ஒட்டியிருந்தன. கீழ் வளைவில் குரோமும் அதன் அடியிலிருந்த நிக்கலும் ஒன்றாகப் பட்டை உரிந்து நாடாவோடு வந்தன. அதற்கடியில் எஃகு ஏடு ஏடாகத் துருப்பிடித்திருந்தது. ஸ்க்ரூடிரைவர் நுனியால் இலேசாக அழுத்தியதும் அது உள்ளே போய்விட்டது. அருகில் ஏற்கெனவே மூன்று ஊசித்துளைகள். நாடா வெளுத்திருந்த இடமும் இதுவே.

இந்தத் துளைகள்தான் வெடிச்சத்தத்தின் பாதிக் காரணம். ஆக்சிலரேட்டரை மூடியதும் புகைவழியில் ஏற்படும் அழுத்தத் துடிப்பு வெளிக்காற்றை இந்தத் துளைகள் வழியே உள்ளே இழுக்கும். எரியாமல் தப்பி வந்த பெட்ரோல் ஆவி அந்தக் காற்றோடு சேர்ந்து சைலன்சருக்குள் பற்றிக்கொள்ளும். மீதிப் பாதி, மெலிந்த கலவை என்ஜினுக்குள் சரியாகத் தீப்பிடிக்காமல் அப்படியே வெளியேறுவது. முதலில் ரப்பரை மட்டும் மாற்றிப் பார்த்தபோது வெடிப்பு குறைந்தது, நிற்கவில்லை. பைப்பையும் மாற்றிய பிறகே நின்றது.

சூடா, ஈரமா

நாடா சுற்றிய பைப் கெடுகிறது என்றால், சூடு உள்ளேயே தங்கி உலோகத்தைத் தின்றுவிட்டது என்று சொல்வதுதான் பட்டறைகளில் வழக்கம். அதில் உண்மை இல்லாமலில்லை. நாடா இல்லாத பைப் தான் பெறும் சூட்டை ஓடும் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பதால், உலோகத்தின் சூடு உள்ளிருக்கும் வாயுவின் சூட்டைவிட வெகுவாகக் குறைவாக இருக்கும். நாடா அந்த வழியை அடைத்துவிடுவதால் உலோகம் வாயுவின் சூட்டை நெருங்குகிறது. சாதாரண எஃகு ஐந்நூற்றைம்பது டிகிரி செல்சியஸைத் தாண்டினால் காற்றில் விரைவாகச் செதில் விட்டுத் தேயும். நெடுஞ்சாலையில் முறுக்கி ஓட்டும் வண்டிக்கு, அதிலும் மெலிந்த கலவையில் ஓடுவதற்கு, இந்த ஆபத்து மெய்யானது. ஆனால் அப்படித் தேய்ந்திருந்தால் வாயு மிகச் சூடாக இருக்கும் மேல் முனையில், எக்ஸாஸ்ட் போர்ட்டை (என்ஜின் தலையில் புகை வெளியேறும் வாயை) ஒட்டித்தான் சேதம் மிகுந்திருக்க வேண்டும். இந்த வண்டியில் மேல் முனை நீலமாகவும் கருமையாகவும் இருந்ததே தவிர உறுதியாக இருந்தது. குரோம்கூட அங்கங்கே மிஞ்சியிருந்தது. துளை விழுந்தது சூடு குறைந்த கீழ் வளைவில், அதுவும் அதன் அடிப்பக்கத்தில், தண்ணீர் வந்து தேங்கும் இடத்தில். எனவே இந்தப் பைப்பைக் கெடுத்தது ஈரம். சூடு அதற்குத் துணை போயிருக்கிறது.

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலும் உர ஆலைகளிலும் வெப்பக் காப்புறை போர்த்திய குழாய்கள் உறைக்கு அடியில் மறைவாகத் துருப்பிடிப்பது நெடுங்காலமாக அறியப்பட்ட தொல்லை. சாதாரண எஃகுக் குழாயில் அது சுமார் நூற்றெழுபத்தைந்து டிகிரிக்குக் கீழே ஓடும்போதுதான் நேர்கிறது. அதற்கு மேல் நிலையாகச் சூடாக இருக்கும் குழாயில் நீர் தங்க முடியாது. பூ வியாபாரியின் வண்டி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை இந்த வரம்புக்குள்தான் கழித்திருக்கிறது. மூன்று கிலோமீட்டர் ஓட்டத்தில் நாடாவின் உள்சுற்று ஆவி விடத் தொடங்கும்போது வண்டி நின்றுவிடும். வெதுவெதுப்பான ஈரம் உலோகத்தின் மேல் மணிக்கணக்கில் தங்கும். மறுநாள் மீண்டும் பூ மூட்டைத் தண்ணீர். ஒவ்வொரு முறை ஆவியாகும்போதும் உப்பு மட்டும் பின்தங்கிச் சேர்ந்துகொண்டே வரும். தனுஷ்கோடிக் காற்றின் உப்போடு, நகரின் ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பும் அதில் உண்டு. சந்தையில் சாக்கின்மேல் தெளிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

குரோம் மேலே இருக்கிறதே, அது காக்காதா என்று உரிமையாளர் கேட்டார். அலங்காரக் குரோம் பூச்சு பெரும்பாலும் ஒரு மைக்ரானைக்கூட (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) எட்டாதது. நுண்ணிய வெடிப்புகள் அதில் இயல்பாகவே இருக்கும். எஃகைக் காப்பது அதன் அடியில் பத்து, இருபது மைக்ரான் தடிமனுள்ள நிக்கல்தான். உப்புநீர் குரோமின் வெடிப்பு வழியே இறங்கி, நிக்கலில் ஓரிடத்தில் துளை போட்டு எஃகை எட்டிவிட்டால், சுற்றிலும் பூச்சு பளபளவென்று இருக்கும்போதே அந்தத் துளைக்குள் துரு ஆழமாகத் தோண்டும். நாடா இல்லாத வண்டியில் இந்தப் புள்ளிகளைத் துடைக்கும்போதே பார்த்துவிடலாம்.

நாடாவைச் சுற்றிய திசையும் தவறு. சைலன்சர் முனையில் தொடங்கி மேல்நோக்கி என்ஜின் தலை வரை சுற்றிக்கொண்டு போனால், ஒவ்வொரு மேல்சுற்றும் கீழ்ச்சுற்றின் மேல் படிந்து, ஓட்டுக்கூரையின் ஓடு போலத் தண்ணீரை வெளியே வழியவிடும். இங்கே மேலிருந்து கீழே சுற்றியிருந்ததால் ஒவ்வொரு மடிப்பின் வாயும் மேல்நோக்கித் திறந்து, மழையையும் முன்சக்கரம் வாரியடிக்கும் சேற்று நீரையும் உள்ளே வாங்கிக்கொண்டது. பைப்பைத் தின்னர் போட்டுத் துடைக்காமலே சுற்றியிருந்தார்கள். நுனியைப் போர்ட்டின் நட்டுகள் வரை இழுத்து மூடியதில், பைப்பும் போர்ட்டும் சேரும் இடத்தை அடைக்கும் கேஸ்கெட் வழியே புகை கசிந்தாலும் வெளியே தெரியாத நிலை. ஆனால் இவையெல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்திருந்தாலும் இந்த வண்டியின் ஓட்டத்துக்கு நாடா பொருந்தியிருக்காது. துளை ஓராண்டு தள்ளி விழுந்திருக்கும், அவ்வளவே.

மற்ற இரு வாக்குறுதிகளைப் பற்றிச் சுருக்கமாக. வாயு சூடாகவே இருந்தால் அதில் அழுத்த அலையின் வேகம் கூடும். அந்த வேகம் தனி வெப்பநிலையின் (கெல்வின் அளவில் எடுத்த வெப்பநிலையின்) வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பந்தய வண்டியில் பைப்பின் நீளத்தை இந்த அலைக்கு ஏற்ப அளந்து வைக்கும்போதும், டர்போ வைத்த காரின் பானட்டுக்குள் சூட்டைக் கட்டுப்படுத்தும்போதும் நாடாவுக்கு வேலை உண்டு. கம்பெனிச் சைலன்சரோடு நகருக்குள் ஓடும் 19.8 குதிரைத்திறன் என்ஜினில் அதைக் கையால் உணர முடியாது. என்ஜின் சூடு குறையும் என்பதோ தலைகீழ். பைப் வழியே போக வேண்டிய சூட்டின் ஒரு பகுதி போர்ட்டையும், பைப்பை அதில் பிடித்திருக்கும் திருகுத் தண்டுகளான ஸ்டட்டுகளையும் கூடுதலாகச் சுடும்.

கறுப்பு வேலை: பாகம் பாகமாக

குரோமின் மேல் பெயிண்ட் பிடிக்காது என்பது பெயிண்டர்கள் அனைவருக்கும் தெரியும். வழவழப்பான, எதனோடும் சேராத அந்த மேற்பரப்பை எமரி ஷீட் போட்டுக் கீறி, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, உலோகத்தைக் கவ்வும் எட்ச் பிரைமர் அடித்த பின்புதான் வண்ணம் நிற்கும். லெக் கார்டில் இந்த வேலையே நடந்திருக்கவில்லை. நகத்தால் தட்டிய இடத்தில் கறுப்பு உள்ளங்கை அகலத்துக்குப் படலமாக எழுந்து வந்தது, அடியில் குரோம் புத்தம் புதிதாகச் சிரித்தது. அந்த வகையில் லெக் கார்டுக்கு அதிர்ஷ்டம்தான்.

சைலன்சருக்குப் பவுடர் கோட்டிங் செய்திருந்தார்கள். பவுடர் கோட்டிங் நல்ல வேலை. நூற்றெண்பது முதல் இருநூறு டிகிரி வரையான அடுப்பில் பத்து, இருபது நிமிடம் வைத்துப் பதப்படுத்தும் அந்தப் பூச்சு, கல் பட்டாலும் எளிதில் பெயராது. ஆனால் எந்தச் சூட்டில் உருகிப் படிந்ததோ அந்தச் சூட்டை மீறிய இடத்தில் அது நிலைக்காது. ஆகவே சைலன்சரின் வால்பக்கம் நன்றாகவும், பெண்ட் பைப்போடு சேரும் கழுத்துப் பக்கம் கொப்பளித்துப் பழுப்பேறியும் இருந்தது. ஒரே பாகத்தில் இரு முனைகளின் சூடு வேறு என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

இந்த வண்டியில் மிக மோசமான வேலை கண்ணுக்கு மிக அழகாகத் தெரிந்த இடத்தில் இருந்தது. முன் ஃபோர்க்கின் உள்குழாய்களையும் எமரி போட்டுக் கறுப்பு அடித்திருந்தார்கள். அந்தக் குழாயில் இருக்கும் குரோம் அலங்காரத்துக்கானது அன்று. அது தடிமனான கடினக் குரோம். ஃபோர்க்குக்குள் ஆயிலை அடைத்து வைக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலின் உதடு அதன் மேல் வழுக்கி ஏறி இறங்குவதற்காகவே கண்ணாடிபோல் சாணை பிடிக்கப்பட்டது. எமரியின் ஒவ்வொரு கீறலும் ஆயில் கசியும் வாய்க்கால். மேலே அடித்த பெயிண்ட் சீலின் உதட்டில் உரிந்து மணல்போல் ஒட்டி, அந்த உதட்டையே அறுத்திருந்தது. ஃபோர்க் ஆயில் வழிந்து முன் டிஸ்க்கின் ஓரம் வரை வந்துவிட்டது. பிரேக் கொஞ்சம் வழுக்குகிறது என்று உரிமையாளர் போகிற போக்கில் சொன்னார்; மழை என்று நினைத்துக்கொண்டாராம். சைலன்சர் வெடிப்பதற்காக வந்த வண்டியில் உண்மையில் உயிருக்கு ஆபத்தாக இருந்தது இதுதான். இரு குழாய்களையும் சீல்களையும் புதிதாகப் போட்டோம், பிரேக் பேடுகளை மாற்றினோம், டிஸ்க்கைப் பிரேக் கிளீனரால் கழுவினோம். புதிய குழாய்கள் குரோமாகவே இருக்கும் என்பதில் எந்தப் பேச்சுக்கும் இடம் கொடுக்கவில்லை. தோற்றம் வேண்டுமென்றால் குழாயைப் போர்த்தும் மடிப்புறையான ரப்பர் கெய்ட்டர் போட்டுக்கொள்ளலாம். அது கறுப்புதான், தூசியையும் தடுக்கும்.

என்ஜினின் பக்க மூடிகளையும் கறுப்பாக்கலாமா, வெயிலில் கறுப்பு கூடுதலாகச் சூடேறாதா என்ற கேள்வி பலரிடம் உண்டு. ஓடும் என்ஜினுக்கு இது பெரும்பாலும் வீண் கவலை. பளபளப்பாக பஃபிங் செய்த அலுமினியம் தன் சூட்டைக் கதிர்வீச்சாக வெளியிடுவதில் மிகவும் கருமி. மெல்லிய மேட் கறுப்புப் பூச்சு அதைவிடப் பல மடங்கு தாராளம். சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியின் கறுப்பு ஹேண்டில்பாரும் லீவரும் கையைச் சுடும் என்பது வேறு விஷயம். அதைச் சந்தை வாசலில் நிற்கும் எவரும் அறிவார்.

கடைசியில் செய்தது இது. லெக் கார்டு, கண்ணாடித் தண்டுகள், ஹேண்டில்பார் ஆகியவற்றின் உரிந்த பெயிண்டை முழுதும் எடுத்து, மணல் வீச்சில் சொரசொரப்பாக்கிப் பவுடர் கோட்டிங்குக்கு அனுப்பினோம். ஹேண்டில்பாரிலிருந்து கைப்பிடி ரப்பரையும் சுவிட்சுகளையும், லெக் கார்டிலிருந்து புஷ்களையும் கழற்றாமல் அடுப்பில் வைக்கக் கூடாது என்று சீட்டெழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. குரோமை ஆசிட்டில் போட்டு எடுத்துவிடுகிறோம், சீக்கிரம் முடியும் என்று ஓரிடத்தில் சொன்னார்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் குரோமைக் கரைக்கத்தான் செய்யும். ஆனால் உயர்வலிமைப் போல்ட்டுகளும் ஸ்பிரிங்குகளும் அமிலத்தில் ஹைட்ரஜனை உறிஞ்சிப் பிறகு சொல்லாமல் கொள்ளாமல் ஒடியும். கழுவிய கழிவோ எந்தச் சாக்கடையில் கலந்து எங்கே போகும் என்பது வைகையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மறுத்துவிட்டோம்.

பெண்ட் பைப் புதிது. அதைக் கறுப்பாகப் பார்க்க வேண்டும் என்பதில் உரிமையாளர் உறுதியாக இருந்ததால், மணல் வீச்சுக்குப் பின் கைரேகைகூடப் படாமல் துடைத்து, அறுநூறு டிகிரி தாங்கும் சிலிக்கோன் அடிப்படையிலான வெப்பப் பெயிண்டைப் பிரைமர் இல்லாமல் நேரடியாக மெல்லிய பூச்சுகளாக அடித்தோம். இந்தப் பெயிண்டில் எல்லாரும் கோட்டைவிடும் இடம் பதப்படுத்தல். காய்ந்துவிட்டது என்று தொட்டால் தெரியும். ஆனால் உள்ளே சிலிக்கோன் இறுகியிருக்காது, பெட்ரோல் துளி பட்டாலே கரையும். முதலில் நூற்றிருபது டிகிரி, ஆறவிட்டு இருநூறு, மறுபடி ஆறவிட்டு முந்நூறுக்குச் சற்று மேல் என்று படிப்படியாகச் சூடேற்ற வேண்டும். பவுடர் கோட்டிங் அடுப்பு இருநூறோடு நின்றுவிடும் என்பதால், கடைசிப் படியை வண்டியில் மாட்டி, என்ஜினைச் சிறிது நேரம் ஓட்டுவது, முழுதும் ஆறவிடுவது, மறுபடி ஓட்டுவது என்று முடித்தோம். அந்த நேரத்தில் புகையும் நாற்றமும் வரும், பயப்பட வேண்டியதில்லை. சைலன்சரின் கழுத்துக்கும் இதே பெயிண்ட். வால்பகுதியின் பவுடர் கோட்டிங்கைத் தொடவில்லை.

காலில் சுடும் என்ற கவலைக்கு, பைப்பிலிருந்து இடைவெளி விட்டு நிற்கும், துளையிட்ட தகட்டுக் கவசம் ஒன்றைப் பொருத்தினோம். இடையில் காற்று ஓடுவதால் தகடு அவ்வளவு சூடேறாது, தண்ணீரும் தங்காது. பின்னால் புடவையோடு உட்காரும் உரிமையாளரின் மனைவிக்கு உண்மையில் தேவைப்பட்டது இதுதான். பூ மூட்டைக்கு அடியில் ஒரு ரப்பர் ஷீட்டை விரித்து, தண்ணீர் இடப்பக்கமாக வழியும்படி மடித்துக் கட்டச் சொன்னோம்.

நாடாவே கூடாது என்று இதிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தொடையை ஒட்டி உயரமாகப் போகும் பைப் வைத்த வண்டி, பைப் துருப்பிடிக்காத எஃகாக இருந்து, பெரும்பாலும் நீண்ட தூரம் ஓடி, மழைக்காலத்தில் அவிழ்த்துப் பார்க்கும் பொறுமை உரிமையாளருக்கும் இருந்தால், தாராளமாகச் சுற்றலாம். நனைத்துச் சுற்றுவது, ஒவ்வொரு சுற்றும் கால் அங்குலமாவது மேலேறிப் படிவது, கீழிருந்து மேலே போவது, போர்ட்டின் நட்டுகளைத் திறந்து வைப்பது ஆகியவை அப்போதும் பொருந்தும். புதிய பைப்புக்கு நாடா சுற்றினால் வாரண்டி கிடையாது என்று சில பைப் தயாரிப்பாளர்கள் எழுதியே வைக்கிறார்கள். வாங்கும்முன் அந்தத் தாளைப் படிப்பது நல்லது.

சட்டம் பற்றியும் உரிமையாளர் கேட்டார். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் தந்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. லெக் கார்டையும் பெண்ட் பைப்பையும் கறுப்பாக்குவது அந்த விவரங்களைத் தொடுவதில்லை. ஆனால் பெட்ரோல் டேங்கின் நிறத்தை மாற்றினால் சான்றிதழில் உள்ள நிறத்தோடு முரண்படும். சைலன்சருக்குள் சத்தத்தைக் குறைக்கும் உள்தடுப்பை அறுத்து எடுப்பதோ முற்றிலும் வேறு குற்றம். இந்த வண்டியில் டேங்க் கம்பெனி நிறத்திலேயே இருந்தது. உள்தடுப்பும் அப்படியே இருந்தது.

அடுத்த சர்வீஸுக்கு வண்டி வந்தபோது பிளக் வெளிர்பழுப்பாக இருந்தது. இன்லெட் ரப்பரில் கசிவில்லை. ஃபோர்க் சீல்கள் உலர்ந்திருந்தன. பெண்ட் பைப்பின் முதல் வளைவில் மட்டும் கறுப்பு சற்று வெளிறிச் சாம்பலாகியிருந்தது. வெப்பப் பெயிண்டுக்கு அது இயல்பு. உரியவில்லை, அடியில் துருவும் இல்லை. வேண்டும்போது கம்பித் தூரிகையால் தேய்த்து அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி அடித்துக்கொள்ளலாம்.

இப்போது அவர் ரிம்களையும் கறுப்பாக்கக் கேட்கிறார். ரிம்மைப் பவுடர் கோட்டிங் செய்ய வேண்டுமானால் டயர், டியூப் மட்டுமின்றி ஸ்போக் அத்தனையையும் கழற்ற வேண்டும். திரும்பக் கட்டிக் கோட்டம் எடுக்கக் கைதேர்ந்தவர் வேண்டும். பூச்சின் தடிமனால், ஸ்போக்கை ரிம்மோடு பிடிக்கும் நிப்பிள் உட்காரும் குழிகள் அடைபடும், அங்கே பூச்சு மென்மையாக இருந்தால் சில நூறு கிலோமீட்டரில் ஸ்போக் தளரும். செய்ய முடியாத வேலை அன்று. கட்டிக் கொடுத்ததும் ஒரு முறையும், கொஞ்சம் ஓட்டிய பின் மறுபடியும் ஸ்போக்கை இறுக்கிப் பார்க்க வண்டியைக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். தை முகூர்த்தங்களின் பூ வியாபாரம் முடிந்த பிறகு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.